கழிப்பறைத் திறப்பு விழாவும் நடக்காத இறுதியாட்டமும்

பாவாடை ஓரத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் தெரிந்தன. இரவல் தாவணி, தலையில் கனகாம்பரம், கையில் ஆரத்தித் தட்டு, காலில் விளையாட்டுச் சப்பாத்து. தாவணியின் கழுத்தோரத்தில் சிவப்புச் சட்டையின் விளிம்பும் எட்டிப் பார்த்தது. மாத்தளை நகரத்தில் எங்கள் பாடசாலை வாசலில், மாகாண அமைச்சரை வரவேற்க நான் நிறுத்தியிருந்த ஏழு மாணவிகளில் உயரமானவள் அப்படி நின்றாள். வரவேற்பு முடிந்ததும் தாவணியை உருவிப் போட்டுவிட்டு வேனில் ஏற வேண்டும், கண்டிக்குப் போய் இரண்டு மணிக்கு இறுதியாட்டம் ஆட வேண்டும். அதற்காகவே விளையாட்டு உடையை உள்ளே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் அருகே போய், "சப்பாத்தைக் கழட்டு, அசிங்கமா இருக்கு" என்றேன். அவள் கழற்றவில்லை. பாவாடையைச் சற்று இறக்கிக் கட்டிக்கொண்டாள். அப்போது காலை பத்து மணி. பிற்பகல் இரண்டு மணிக்கும் அவள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் பின்னாளில் இந்த நாட்டின் மகளிர் கூடைப்பந்தாட்ட அணிக்குத் தலைவியானாள். கோப்பைகள் வென்றாள். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எங்காவது ஓரிடத்தில் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள்: "அவருடைய திறமையை இனங்கண்டு வளர்த்த பாடசாலை அதிபர்." அந்த வரி பொய். அதை முதலில் சொன்னவனும் நான்தான், திருத்தாமல் இத்தனை வருடங்கள் அனுபவித்தவனும் நான்தான். இப்போது பாடசாலையில் அவளுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். விழா மலருக்கு என்னிடம் ஆசியுரை கேட்டார்கள். வழக்கமான புளுகில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் வெளியே ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அவள் இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து பறிப்பவர், தகப்பனுக்குத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு நகரத்துக்குப் படிக்க வருவாள். வகுப்பில் அவளுக்கு "லைட் போஸ்ட்" என்று பெயர். "லைட் போஸ்ட்டுக்குக் கீழ உக்காந்துதானடி எல்லாரும் படிக்கிறீங்க, பேசாம படிங்க" என்று அவள் திருப்பிக் கொடுத்ததை ஒருமுறை வராந்தாவில் போகும்போது கேட்டிருக்கிறேன். இதைத்தான் நான் பின்னாளில் மேடைகளில், "அப்போதே அவளிடம் ஒரு தலைமைத்துவம் இருந்தது" என்று அலங்கரித்துச் சொல்வேன். உண்மையில் அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம் என்பது மட்டும்தான்.

பந்தை அவள் கையில் கொடுத்தது நானல்ல. உடற்கல்வி ஆசிரியையாக எங்களிடம் வந்த ஒரு சிங்கள மிஸ். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். வந்த மாதமே மைதானத்தின் இரு முனைகளிலும் இரும்புத் தூண் நட்டு வளையம் மாட்டினார். எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது நான் பதில் அதிபர், அதாவது நிரந்தர அதிபர் இல்லாததால் நாற்காலியைச் சூடாக்கிக்கொண்டிருந்தவன். பெண் பிள்ளைகள் முழங்கால் தெரியக் குதிப்பது பாடசாலையின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். பட்டதாரி, இரண்டு மொழிகளில் கட்டுரை எழுதுகிறவன், நூலகத்துக்கு நன்கொடையாக அறிவியல் புத்தகங்கள் கொடுத்தவன். அப்படிப்பட்டவனின் அறிவு பதினேழு வயதுப் பெண்ணின் முழங்காலைத் தாண்டி எழும்பவில்லை. அவளுடைய தகப்பன் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் அந்த வளையத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூடைய முதுகுல மாட்டத்தான் எங்களுக்குத் தெரியும் சேர். நீங்க தூண்ல கட்டியிருக்கீங்க. அடியும் ஓட்டையா இருக்கு. கொழுந்து எப்பிடி நிக்கும்?" எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு மகளை விளையாட விட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இருக்கவில்லை.

அந்த வருடம் அவளைத் தலைவியாகக் கொண்ட எங்கள் பிள்ளைகள், பெயர் கேட்டாலே நாங்கள் எழுந்து நிற்கும் பெரிய கண்டிப் பாடசாலைகளைத் தோற்கடித்தார்கள். அரையிறுதியில் அவள் எத்தனை பந்து போட்டாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஓர் ஆட்டத்துக்குக்கூட நான் போகவில்லை. இறுதியாட்டத்தைப் பார்த்துத் தேசிய இளையோர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஆட்கள் வருகிறார்கள் என்று மிஸ் வந்து சொன்னார். அதே நாளில்தான் மாகாண அமைச்சர் எங்கள் பாடசாலைக்குப் புதிய கழிப்பறை திறக்க வருவதாக அறிவித்தல் வந்தது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அமைச்சர் வந்தால் பூரண கும்பம் வேண்டும், மேளம் வேண்டும், வரிசையாக ஆரத்தித் தட்டேந்திய பெண் பிள்ளைகள் வேண்டும். கழிப்பறையாக இருந்தாலும் வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறார்களோ அவ்வளவு மரியாதை. யாரை நிறுத்துவது என்று யோசித்தபோது, பார்வைக்கு எடுப்பாக நல்ல உயரத்தில் ஏழு பேர் வேண்டும் என்று எனக்குப் பட்டது. பாடசாலையில் அப்படி இருந்தவர்கள் கூடைப்பந்து அணிதான். காலை பத்து மணிக்கு அமைச்சர் வந்துவிடுவார், பதினொரு மணிக்கு வேன் புறப்படும், கண்டிக்கு ஒரு மணித்தியாலப் பயணம் என்று மிஸ்ஸுக்கு உறுதி சொன்னேன். அணியைப் பதிவு செய்ய அவர் முன்கூட்டியே கண்டிக்குப் போனார். என் வாக்கை நம்பித்தான் போனார்.

பதினொன்றானது. பன்னிரண்டானது. அமைச்சர் கலேவெலயில் ஏதோ திருமண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. வேன் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார். அவள் வரிசையை விட்டு என்னிடம் வந்தாள்.

"சேர், இப்ப போனாலும் எட்டிப் பிடிச்சிரலாம். தட்ட வேற புள்ளைங்ககிட்ட குடுக்கட்டுமா?"

"மத்தவங்க எல்லாம் குட்டையா இருக்காங்க. நீ போய் நில்லு."

"சேர், மெட்ச் இருக்கு சேர்."

"தெரியும். மினிஸ்டர விட மெட்ச் பெருசா?"

அவள் போய் நின்றாள். ஒரு மணிக்குக் காரியாலயத்தில் தொலைபேசி அடித்தது. கண்டியில் காசு கொடுத்துத் தொலைபேசியில் பேசும் ஏதோ ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து மிஸ். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஜன்னல் வழியாக ஏழு தட்டுகளையும் பார்த்துக்கொண்டே, "பொறப்பட்டாச்சு மிஸ், இப்ப வந்துருவாங்க" என்றேன். அந்தப் பொய்யை நம்பி அவர் நடுவர்களிடம் மன்றாடி அரை மணித்தியாலம் காத்திருக்க வைத்திருக்கிறார். அமைச்சர் இரண்டேகாலுக்கு வந்தார். மாலைகளை வாங்கினார். நாடாவை வெட்டினார். தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கப்படாததால் அவர் திறந்த குழாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. அதற்கும் கைதட்டினோம். பதினைந்து நிமிடத்தில் போய்விட்டார். ஆரத்தி எடுத்த பிள்ளைகளை அவர் பார்க்கக்கூட இல்லை.

இதோடு நின்றிருந்தால் நான் வெறும் முட்டாள். ஆனால் கூடைப்பந்தாட்டச் சங்கம் எழுத்தில் விளக்கம் கேட்டது. இறுதியாட்டத்துக்கு அணி ஏன் வரவில்லை, வேன் புறப்பட்டதாகச் சொல்லப்பட்டது ஏன்? உண்மையை எழுதினால் என் அதிபர் நியமனத்தில் கறை விழும். கடைசித் தேர்வுக் கட்டத்தில் இருந்தேன். ஆகவே நல்ல தமிழில் இப்படி எழுதினேன்: வேன் உரிய நேரத்தில் தயாராக இருந்தும், அணித் தலைவி வரவேற்பு நிகழ்வில் பங்குபற்றும் விருப்பத்தால் ஏனைய மாணவிகளையும் தாமதிக்கச் செய்தார். கீழே கையொப்பம் இட்டு, பாடசாலை முத்திரை குத்தி, பெற்றோருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நடைமுறை தவறாதவன் நான். சங்கம் அவளுக்கு ஒரு வருடத் தடை விதித்தது. அது அவளுக்குப் பாடசாலையில் கடைசி வருடம். இளையோர் அணி வாசல் அதோடு மூடிக்கொண்டது. இரண்டு மாதத்தில் எனக்கு நிரந்தர நியமனம் வந்தது.

மிஸ் என் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "சேர், பிள்ளைங்க தோத்தா நான் அழ மாட்டேன். தோக்கக்கூட விடல்ல நீங்க" என்றார். ஒரு பாடசாலைத் தவணை முடிவதற்குள் அவருக்கு வில்கமுவப் பக்கம், நாளொன்றுக்கு ஒரே ஒரு பஸ் வருகிற ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. அதற்கும் நான்தான் ஒரு கடிதம் எழுதினேன். பிறகு அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

பெற்றோருக்குப் போன பிரதி தகப்பனை மகளோடு என் அறைக்குக் கொண்டுவந்தது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார மறுத்தார். "சேர், எங்க புள்ள செஞ்சது தப்புங்க. ஸ்கூலு பேரையே கெடுத்துருச்சு. வீட்டுல ரெண்டு போட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க, மன்னிச்சிருங்க" என்றார். மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் காலைத் தொடக் குனிந்தார். அவர் குனிந்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அதெல்லாம் வேணாம்" என்றேன். "சின்னப் புள்ளதானே, போகட்டும்" என்று மன்னித்தும் அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த இழிவான காரியம் எது என்று யாராவது கேட்டால் கடிதத்தைச் சொல்லமாட்டேன். இந்த மன்னிப்பைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு அவள் ஏறியதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். தொழிற்சாலைக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. வேலை முடிந்து கால் வீங்கிய நிலையில் பயிற்சிக்குப் போவாளாம். தொழிற்சாலை அணியிலிருந்து கழகம், கழகத்திலிருந்து தேசிய அணி. இளையோர் அணியில் பதினெட்டு வயதில் கிடைத்திருக்க வேண்டியது அவளுக்கு இருபத்து நான்கில் கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்ததும் ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நம்ம புள்ளதானே" என்றேன். அடுத்த முறை தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது, "அவள் கையில் முதலில் பந்தைக் கொடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது. கழுத்தில் பொன்னாடை விழ விழ எனக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது.

வலது முழங்கால் கெட்டுப்போன பிறகு அவள் கொழும்பில் தங்கவில்லை. தோட்டத்துக்கே திரும்பினாள். பழைய பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் சென்ற அந்த இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில், சரிந்து கிடந்த நிலத்தை லயத்து வரிசை வீட்டு ஆட்களோடு சேர்ந்து வெட்டிச் சமப்படுத்தினாள். தூணும் வளையமும் மாத்தளையில் இரும்பு வேலை செய்யும் ஒரு முஸ்லிம் முதலாளி அடித்துக் கொடுத்தார். "எங்கட மகளும் வாறதெண்டா சொல்லுங்க தங்கச்சி, ரெண்டாவது வளையமும் நான் போட்டுத் தாறன்" என்றாராம். முதலாளியின் மகள் தலையை மூடி, முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் தங்களுக்கு வசதியானதைப் போட்டார்கள். அங்கே யாருடைய முழங்காலும் ஒரு பிரச்சினையாகவில்லை. பந்து மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்த பிள்ளைகளை மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குக் கூட்டிப் போவதும், அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்புவதும், பதினேழில் கல்யாணம் பேச வருகிறவர்களை வாசலில் நிறுத்திச் சண்டை பிடிப்பதும் அவள் வேலையாயிற்று. அந்தத் திடலுக்குத் திறப்பு விழா நடக்கவில்லை. வந்து திறந்து வைக்க ஆசைப்பட்டவர்களுக்கு, அது ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினாளாம். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. அவளிடம் ஆட்டம் பழகும் எந்தப் பிள்ளையும் யாருக்கும் தட்டேந்தி நிற்கக் கூடாது. அதிகாரி வந்தாலும் சரி, அமைச்சர் வந்தாலும் சரி. இதை எனக்குச் சொன்னவர் ஒரு வேடிக்கை போலச் சொன்னார். நான் சிரிக்க முயன்றேன்.

பாராட்டு விழாவுக்கு அவள் பதிலே சொல்லவில்லை. போய் அழைத்து வருமாறு விழாக் குழு என்னை அனுப்பியது. என் சொல்லைத் தட்டமாட்டாளாம். முச்சக்கர வண்டி பிடித்து மேலே போனேன். மனம் திருந்திப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பையில் அந்த இரண்டு பக்க ஆசியுரையோடுதான் போனேன்.

பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கோட்டோரம் ஒரு காலில் பாரத்தை ஊன்றி நின்றிருந்தாள். நரை கண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து கேட்டாள்.

"அக்கா, இவரு யாரு?"

"எங்க பழைய அதிபர்."

"டிவியில சொன்னாரே, ஒங்களக் கண்டுபிடிச்சவரா?"

"ம். ஒளிச்சு வச்சவரு. நீ போயி ஓடு."

நான் விழாவைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "விழாவுக்கு வர்றதும் வராததும் பெறகு பாப்போம் சேர். எங்கப்பா உள்ள இருக்காரு. அவருகிட்ட அன்னைக்கு நடந்தத நீங்க சொல்லுங்க."

"அவருக்குத் தெரியாதா?"

"நான் அன்னைக்கே சொன்னேன். நம்பல. சீல் அடிச்ச கடிதாசி பொய் சொல்லுமா, சேர் பொய் சொல்லுவாராங்கிறாரு. நான் ஒவ்வொரு கப்பா கொண்டாந்து வைக்கிறப்பவும் தடவிப் பாத்துட்டு, நல்லா வெளையாண்ட, ஆனா அன்னைக்கு சேருக்கு அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாதும்பாரு. இன்னைக்கு வரைக்கும் அதேதான். எனக்கு வேற எதுவும் வேணாம் சேர். அவரு சாகுறதுக்குள்ள அது ஒன்னு போகணும்."

"வயசான மனுசன். ஒடம்புக்கு ஏதாவது..."

"ஒங்க வயசுதான் சேர் அவருக்கும். ஒங்களுக்கு ஒன்னும் ஆகலையே."

அவள் முன்னே நொண்டியபடி நடந்தாள். நான் பின்னே போனேன்.

லயத்து வீட்டின் முன்னறை. கட்டிலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. அலமாரி நிறையக் கோப்பைகள். சேர் வந்திருக்கிறார் என்று மகள் சொன்னதும் அவர் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினார். "நாக்காலியத் தொடச்சுப் போடு புள்ள" என்றார். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் துவாயால் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

நாற்பது வருடம் பேசிப் பிழைத்தவனுக்கு அன்று நேர்ப் பேச்சு வரவில்லை. அமைச்சர், கழிப்பறை, மேலிடத்து நெருக்குதல் என்று சுற்றி வளைத்தேன். கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இடைமறித்தார்.

"அப்ப வேனு?"

"நின்னுச்சு. நான்தான் போக விடல."

"புள்ள நிக்கிறேன்னு சொல்லலியா?"

"இல்ல. போகணும்னுதான் கேட்டுச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு."

"கடிதாசி?"

"நான் எழுதினது. பொய்."

"சீலு?"

"அதுவும் நான்தான் அடிச்சேன்."

வெளியே பந்து தரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அன்னைக்கு ஒன்னய ரெண்டு அடிச்சேன்ல."

"நாலுப்பா. சேர்கிட்ட கொறச்சுச் சொன்னீங்க."

கிழவர் என் பக்கம் திரும்பினார்.   

"சேர், நான் அன்னைக்கு ஒங்க ஆப்பீசுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன்."

"ஆமாங்க."

"அத நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

நான் தலையசைத்தேன். அவருக்குக் கண் தெரியாது என்பது நினைவு வந்து, "சரிங்க" என்றேன்.

"எந்திரிங்க," என்றார். "அது கால் வலிக்காரி. உக்காரட்டும்."

ஒரு தோட்டத் தொழிலாளி என்னை எழுந்திருக்கச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எழுந்தேன். அவள் வந்து உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டாள். கிழவர் கையால் துழாவி, அவளுடைய முழங்காலைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். இருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. யார் வந்தாலும் கேட்காமலே தேநீர் வரும் வீடு அது. எனக்கு வரவில்லை. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன்.